எல்லோருக்கும் அப்படித்தான் வரும்

"எல்லோருக்கும் அப்படித்தான் வரும், தம்பி."

2024 பிப்ரவரியில், ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்தில் என் கடைக் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தபடி நான் சொன்னது இது. இதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் தொந்தரவு. பொய் சொல்லியிருந்தால் பாவம் என்று ஒப்புக்கொண்டு முடித்திருப்பேன்.

அவன் கேட்டதையும் சொல்லிவிடுகிறேன். விசாத் தாளை அச்செடுத்துக் கொடுத்தேன். எட்டாம் வகுப்போடு கடலுக்குப் போனவன், ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தான். "அண்ணே, டூரிஸ்ட் என்று போட்டிருக்கிறதே? நான் மீன்பிடிக்கத்தானே போகிறேன்?" கேள்வி எனக்கு, பார்வை மட்டும் பக்கத்து ஸ்டூலில் இருந்த அவனுடைய மாமா மேல். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் அவர்தான். கைப்பேசியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. பதில் சொல்லவேண்டியவர் அவர். ஏனோ நான் முந்திக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை. தாளை லேமினேஷன் போட்டுத் தரச் சொன்னான். எங்கள் தீவில் எல்லாவற்றுக்கும் லேமினேஷன் உண்டு. உப்புக்காற்றில் காகிதம் நான்கு நாளில் நமத்துவிடும். மெஷினிலிருந்து சூடாக வந்த தாளை வாங்கி, ஓரத்தில் சிக்கியிருந்த ஒரு காற்றுக் குமிழியைக் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்து வெளியே தள்ளப் பார்த்தான். விரலிடுக்கில் வலைக்கயிறு அறுத்த கோடுகள். குமிழி போகவில்லை. இருபது ரூபாயை எடுத்து வைத்தான்.

எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்கு வரும் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர்., அதாவது குடிபெயர்வுச் சோதனை தேவை, என்று இருக்கும். (எங்கள் பக்கம் ஈ.சி.ஆர். என்றால் பாதிப் பேருக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலைதான் ஞாபகம் வரும்.) அந்தப் பாஸ்போர்ட்டோடு வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர், குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். அனுமதியோடு போனால் பத்து லட்ச ரூபாய் காப்பீடு உண்டு. பதிவுபெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். சுற்றுலா விசாவில் போகிறவனுக்கு இதில் எதுவுமே கிடையாது. சர்க்கார் கணக்கில் அவன் துபாயில் ஊர் சுற்றிப் பார்க்கிறான். இந்தப் பையனிடம் வாங்கியது ஒரு லட்சத்துப் பத்தாயிரம். அக்காவின் நகை அடகில் இருந்தது.

இதெல்லாம் கேள்வி ஞானம் இல்லை. அதற்கு இரண்டு வருடம் முன்பு, கணவன் திரும்பி வரவில்லை என்று ஒரு பெண் வந்து நின்றபோது, கலெக்டருக்கு மனு தட்டச்சு செய்து கொடுத்தவனே நான்தான். அதே நாற்காலி, அதே விசைப்பலகை.

சொல்லியிருந்தால் மட்டும் என்ன நடந்திருக்கும்? அடுத்த கடைக்குப் போயிருப்பான். இங்கே இருந்து என்ன செய்வான்? ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீதி நாளில் எல்லை தாண்டினால் இலங்கைக் கடற்படை. ஆள் திரும்பினாலும் படகு திரும்புவதில்லை. கூலிக்குப் போகிறவனுக்குப் படகு போனால் வேலையும் போனது. இந்தக் கணக்கை எத்தனையோ இரவு போட்டுப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் சரியாகத்தான் வருகிறது. ஆனால் அவனுடைய மாமா மாதம் பத்துப் பதினைந்து பேரை என் கடைக்கு அழைத்து வருகிறவர், மாதக் கடைசியில் மொத்தமாகப் பணம் கொடுக்கிறவர் என்பதை அந்தக் கணக்கில் நான் சேர்ப்பதில்லை.

ஈஸ்டர் முடிந்த வாரம் ராமநாதபுரத்துக்கு ஆடுஜீவிதம் படம் பார்க்கப் போனோம். பிளெஸ்ஸி எடுத்தது, பென்யாமின் நாவல். ஐந்து பேர் போனோம், மாமாவும் வந்தார். வளைகுடாவுக்கு வேலைக்குப் போன நஜீபை விமான நிலையத்தில் யாரோ ஒருவன் ஏற்றிக்கொண்டு போகிறான். பிறகு பாலைவனம், ஆடுகள், அழுக்கேறிப்போன ஒரு உடம்பு. தியேட்டரில் விசும்பல் சத்தம் கேட்டது. மாமா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "படுபாவிகள், ஒரு உயிரை இப்படியா செய்வார்கள்" என்றார். நடிப்பு இல்லை. அவரை இருபது வருடமாகத் தெரியும். அந்தக் கண்ணீர் உண்மை. நானும் அழுதேன். அப்போது அந்தப் பையனிடமிருந்து போன் வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. அது எங்கள் இருவருக்குமே தெரியும். வெளியே வந்து பரோட்டா சாப்பிட்டோம்.

படத்தைக் குறை சொல்லவில்லை. அது நடந்த கதை, நடப்பதும்தான். ஆனால் அதில் நஜீபைக் கொண்டுபோவது அவனுக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவன். எங்கள் ஊரில் கூட்டிப்போகிறவர், அக்கா கல்யாணத்தில் மாமன் சீர் வைத்தவர். 1994இல் மகாநதி பார்த்துவிட்டு வந்த இரவு என் அம்மா தங்கையைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டாள். அந்தப் படத்தில் மகளைக் கண்டெடுப்பது கொல்கத்தாவில். அன்றிலிருந்து ஆள் கடத்தல் என்றால் எனக்குப் பெண் பிள்ளைகள், சிவப்பு விளக்கு, தெரியாத ஊர். என் கடை ஸ்டூலில் மீசை வைத்த ஒரு பையன் உட்கார்ந்திருந்தால் எனக்கு ஏன் அந்த வார்த்தை தோன்றப்போகிறது? இதையும் ஒரு சாக்காகத்தான் சொல்கிறேனோ என்னவோ. படம் பார்க்காமலே தெரிந்துகொள்ளவேண்டிய இடத்தில் இருந்தவன் நான்.

பதினான்கு மாதம் கழித்து வந்தான். பாம்பன் புதிய பாலம் திறந்த அதே ஏப்ரல். கறுத்திருந்தான், மற்றபடி நன்றாகவே இருந்தான். துபாயில் இறங்கியதுமே பாஸ்போர்ட்டைப் படகு முதலாளி வாங்கி வைத்துக்கொண்டாராம். பத்து மாதம் கண்ணில் காட்டவில்லை. தூக்கம் படகிலேயே. சொன்ன சம்பளத்தில் பாதிதான் வந்தது, அதிலும் சாப்பாட்டுக்குப் பிடித்தம். ஊரில் மழை பெய்ததா என்று விசாரிப்பது போலச் சொல்லிக்கொண்டு போனான்.

நான்தான் பதறினேன். புதிய குற்றவியல் சட்டத்தில், பாரதிய நியாய சன்ஹிதா 143ஆவது பிரிவில், ஏமாற்றிக் கூட்டிப்போய்ச் சுரண்டினால் அது ஆள் கடத்தல், போகிறவனின் சம்மதம் ஒரு பொருட்டே இல்லை என்று இருக்கிறது. மனு எழுதலாம், காசு வேண்டாம் என்றேன். குரலில் ஒரு வேகம் இருந்தது. யாருக்காக அந்த வேகம் என்பது அவனுக்குத் தெரிந்திருக்குமோ?

"யார் மேல் அண்ணே? மாமா மேலா?"

பேசாமல் இருந்தேன்.

"அக்கா நகையைத் திருப்பிவிட்டேன் அண்ணே. இங்கே இருந்திருந்தால் யாழ்ப்பாணம் ஜெயிலில் இருந்திருப்பேன்" என்று சிரித்தான்.

அவன் என் பெயரைச் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும் என்று சில நாள் தோன்றுகிறது. சில நாள், அவனுக்கு வராத கோபத்தை அவன் சார்பில் நான் படுவது ஒருவகைத் திமிர் என்று தோன்றுகிறது.

போன மாதம் மறுபடி வந்தான். தனியாக. கைப்பேசியில் வந்திருந்த விசாவை எனக்கு அனுப்பினான். திறந்து பார்த்தேன். நான் வாய் திறப்பதற்குள் அவனே சொன்னான்: "இதுவும் டூரிஸ்ட்தான் அண்ணே. எல்லோருக்கும் அப்படித்தான் வரும்." கிண்டலா, ஞாபகம் வைத்திருந்தானா, இல்லை ஊரில் எல்லோரும் சொல்வதைத்தான் சொன்னானா, முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

அச்செடுத்தேன். பர்ஸிலிருந்து பழைய தாளை எடுத்து மேஜையில் வைத்தான். நான்கு ஓரமும் பிரிந்து, உள்ளே உப்பு இறங்கி மஞ்சளாகியிருந்தது. புதியதையும் லேமினேஷன் போட்டுத் தரச் சொன்னான்.

மெஷின் பழுது என்றேன். அது மேஜையடியில் பச்சை விளக்கு எரிய நின்றுகொண்டிருந்தது. அவன் பார்த்தானா தெரியவில்லை.

"சரி அண்ணே, அடுத்த கடையில் போட்டுக்கொள்கிறேன்" என்று இரண்டு தாளையும் மடிக்காமல் எடுத்துக்கொண்டு போனான்.