ஏன் இரண்டு வாசல்?

தூக்கம் வராமல்தான் சித்தப்பா குடிக்க ஆரம்பித்தார். மனநல மருத்துவர் "முதல்ல குடியை நிறுத்திட்டு வாங்க" என்றார். மறுவாழ்வு மையத்தில் "மனச்சோர்வுக்கு இங்கே டாக்டர் இல்லை" என்றார்கள். கையில் இரண்டு ஃபைலோடு அலைந்தது சித்திதான்.

பலர் பதற்றத்தை அடக்கக் குடிக்கிறார்கள். போதை இறங்கியதும் பதற்றம் இன்னும் ஏறுகிறது. பல வருடம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரை போகலாம். அவரை 'நிறுத்திட்டு வா' என்று வீட்டுக்கு அனுப்புவது ஆபத்து.

2017 மனநலப் பாதுகாப்புச் சட்டமே மது, போதைப் பழக்கத்தோடு வரும் மனப் பாதிப்புகளை மனநோய் வரையறைக்குள் வைத்திருக்கிறது. அப்புறம் ஏன் இரண்டு வாசல்? இரண்டுக்கும் ஒரே இடத்தில், ஒரே குழு சிகிச்சை தரட்டும்.

வீட்டில் யாராவது இப்படித் தவித்தால் 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் இது; இலவசம், தமிழிலேயே பேசலாம்.