‘நான்’ காணாமல் போகும் பக்கம்

ஜூன் 8, 2025, ஞாயிறு

புத்தக அலமாரியில் கரையான் வந்திருக்கிறதா என்று பார்க்கப் போனேன். கரையான் இல்லை. ரெமார்க் இருந்தார். முதல் உலகப் போரைப் பற்றி அவர் எழுதிய ஜெர்மன் நாவல் ‘ஆல் கொயட் ஆன் த வெஸ்டர்ன் ஃப்ரன்ட்’, கல்லூரிக் காலத்தில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய பிரதி. அட்டை கழன்று ரப்பர் வளையத்தின் தயவில் நிற்கிறது. மனைவி சாப்பிட இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் எழுந்தேன்.

நாவல் தொடங்குவதும் சாப்பாட்டில்தான். சமையல்காரர் 150 பேருக்குச் சமைத்து வைத்திருக்கிறார். போர்முனையிலிருந்து திரும்பியவர்கள் 80 பேர். மிச்சப்பட்ட பங்கும் தங்களுக்கே வேண்டும் என்று பையன்கள் மல்லுக்கு நிற்கிறார்கள். கிடைக்கிறது. அவரையும் இறைச்சியும் வயிறு முட்டத் தின்கிறார்கள், புகையிலையும் இரட்டைப் பங்கு. வராத எழுபது பேருக்காக அங்கே யாரும் அழவில்லை. இருபது வயதில் இதை ஏதோ வேடிக்கைக் காட்சி என்று தாண்டிப் போயிருக்கிறேன். இன்று படித்துவிட்டுப் போய் உட்கார்ந்தபோது சோறு தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதினால் அது பொய். நன்றாகவே இறங்கியது. ரெமார்க் சொல்வதும் அதைத்தான்.

ஜூன் 10, செவ்வாய்

கான்டோரெக் என்ற ஆசிரியரை எப்படி மறந்தேன்? மறப்பது எனக்கு வசதியாக இருந்திருக்க வேண்டும்.

உடற்பயிற்சி வகுப்புகளில் பேசிப் பேசியே வகுப்பு முழுவதையும் ராணுவ அலுவலகத்துக்குக் கூட்டிப்போய்ப் பெயர் கொடுக்க வைக்கிறார் மனிதர். யோசெஃப் பேம் என்ற குண்டுப் பையன் மட்டும் தயங்குகிறான். எல்லாரும் ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயத்தில் கடைசியில் அவனும் சேர்கிறான். முதலில் சாகிறவன் அவன்தான். கண்ணில் அடிபட்டு விழுந்தவனைச் செத்துவிட்டான் என்று நினைத்து விட்டுவிட்டு வருகிறார்கள். பிற்பகலில் அவன் குரல் கேட்கிறது. பார்வை போய், வலியில் தவழ்ந்து வருகிறவனுக்கு எங்கே ஒளிவது என்று தெரியவில்லை. யாரும் போய்த் தூக்குவதற்குள் சுட்டுவிடுகிறார்கள்.

பிற்பாடு கான்டோரெக்கையும் படைக்குப் பிடித்து வருகிறார்கள். அவரிடம் படித்தவன் ஒருவனே அவரை மைதானத்தில் போட்டுப் புரட்டியெடுக்கிறான். வாசகர் சிரிக்க வேண்டிய இடம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சென்ற ஆகஸ்ட் 15 அன்று, நான் வேலை பார்க்கும் பள்ளியில் கொடியேற்றிய பிறகு நான் பேசிய பேச்சு இன்னும் நினைவிருக்கிறது. ‘பாரதத் தாயின் எஃகுக் கரங்களே’ என்று ஆரம்பித்தேன், கைதட்டினார்கள். கான்டோரெக் தன் மாணவர்களை ‘இரும்பு இளைஞர்கள்’ என்கிறார். உலோகம்தான் வேறு.

ஜூன் 13, வெள்ளி

நான்காம் பீரியட் முடிந்ததும் பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் ஆசிரியர் அறை வாசலில் நின்றான். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் பெயரில் ஓர் எழுத்து கூடுதலாக இருக்கிறது, ஆதாரில் இல்லை. அடுத்த முறை அக்னிவீர் சேர்க்கைக்கு மனுப் போடுவதற்குள் திருத்த வேண்டும், ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதித் தர முடியுமா சார் என்று கேட்டான்.

எழுதிக் கொடுத்தேன். வேலூர்ப் பக்கத்து ஊர்களில் இது அதிசயமில்லை. இங்கே பட்டாளம் என்பது உழவு போல ஒரு குடும்பத் தொழில். இவன் அப்பாவும் ஓய்வுபெற்ற ஹவில்தார்.

“வயது என்ன?”

“பதினேழு முடிந்து இரண்டு மாதம் சார். பதினேழரை ஆனால் போதும்.”

ஓட்டுப் போட இன்னும் பத்து மாதம் காத்திருக்க வேண்டியவன். விண்ணப்பத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அந்தச் சட்டை அவன் வளருவான் என்று கணக்குப் போட்டுத் தைத்தது. தோள் தையல் புஜத்தில் கிடந்தது.

ஜூன் 14, சனி

நேற்றைய தோள் தையல் மனதிலிருந்து போகவில்லை. காரணம், இரவு படித்த பக்கங்கள். புதிதாக வரும் பையன்களின் உடம்பு அளவுக்குச் சீருடையே தைக்கப்படவில்லை என்று ரெமார்க் எழுதுகிறார். தோள் குறுகல், கை குச்சி, சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டும். பழைய சிப்பாய் ஒருவன் விழும் நேரத்தில் புதியவர்கள் ஐந்திலிருந்து பத்துப் பேர் விழுகிறார்கள். இதில் வீரக்குறைவு எதுவுமில்லை. எந்தக் குண்டு எந்தச் சத்தத்தோடு வரும் என்று காது பழகவில்லை, அவ்வளவுதான். தூரத்தில் விழும் பெரிய குண்டின் முழக்கத்துக்கு நடுங்கிக்கொண்டிருப்பார்கள். தாழ்வாகச் சிதறும் சின்னக் குண்டின் மெல்லிய இரைச்சல் காதில் விழாது.

அதற்கு முன்னால் வருகிற ஒரு சம்பவம். எறிகணை மழைக்கு நடுவில், செம்பட்டைத் தலைமுடிப் பையன் ஒருவன் பயத்தில் கைகளால் முகத்தைப் பொத்திக்கொண்டு கிடக்கிறான். இரும்புத் தொப்பி கழன்று விழுந்துவிட்டது. பால் போய்மர் (கதை சொல்பவன், அவனுக்கே இருபதுக்குள்தான்) தொப்பியை எடுத்து மாட்டப் பார்க்கிறான். பையன் அதைத் தள்ளிவிட்டுக் குழந்தை போல அவன் கைக்குள் புகுந்துகொள்கிறான். சரி, தொப்பி வேறு எதற்காவது பயன்படட்டும் என்று அவனுடைய பின்புறத்தின் மேல் கவிழ்த்து வைக்கிறான் பால். அங்கே அடிபட்டால் மாதக்கணக்கில் குப்புறப் படுக்க வேண்டியிருக்கும். சத்தம் ஓய்ந்ததும் பையன் கூச்சத்தோடு பின்பக்கம் கையை வைக்கிறான். கால்சட்டையிலேயே போய்விட்டிருக்கிறது. முதல் குண்டுவீச்சில் எத்தனையோ பேருக்கு இப்படி ஆகியிருக்கிறது, வெட்கப்படாதே, அந்தப் புதருக்குப் பின்னால் போய் உள்ளாடையைக் கழற்றி எறிந்துவிட்டு வா என்கிறான் பால்.

நம் புறநானூற்றுத் தாய் மகனின் புண் மார்பிலா முதுகிலா என்று களத்தில் தேடுகிறாள். பன்னிரண்டாம் வகுப்புக்கு வருகிற எவனும் அந்தத் தாயைத் தெரியாமல் வருவதில்லை. இந்தப் புதரைப் பற்றி அவனுக்கு யார் சொல்வது?

சில பக்கங்கள் கழித்து அதே பையனை மறுபடி பார்க்கிறார்கள். இடுப்பு எலும்பு கூழாகிக் கிடக்கிறான். பிழைக்க வழியில்லை, வலி இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. ஒரு துப்பாக்கியை எடுத்து முடித்துவிடலாமா என்று கேட்கிறார் காட், குழுவில் மூத்தவர், நாற்பது வயதுக்காரர். பாலும் தலையசைக்கிறான். அதற்குள் ஆட்கள் வந்துவிடுகிறார்கள். இரக்கத்துக்கு அவகாசம் கிடைக்கவில்லை.

ஜூன் 18, புதன்

இன்று பூட்ஸ். கெம்மரிக் என்ற பையன் மருத்துவமனையில் கிடக்கிறான், காலை எடுத்துவிட்டார்கள். மிருதுவான மஞ்சள் தோலில், முழங்கால் வரை கயிறு கட்டும் அருமையான பூட்ஸ் அவனுடையது. பார்க்க வந்த ம்யூலருக்கு அதன் மேல் கண். கேட்கவும் செய்கிறான். ம்யூலர் கெட்டவன் இல்லை. கெம்மரிக்குக்குப் பயன்படுமென்றால் அதை அடையத் திட்டம் போடுவதைவிட முள்கம்பியில் வெறுங்காலோடு நடப்பான். இனிப் பயன்படாது, நல்ல பூட்ஸோ அபூர்வம். கெம்மரிக் செத்ததும் ம்யூலருக்கு. ம்யூலர் செத்ததும் பாலுக்கு. தனக்குப் பிறகு ட்யாடனுக்கு என்று பால் வாக்குக் கொடுத்துவைத்திருக்கிறான். நாவலில் அழுத்தமாக உயிர் வாழ்வது அந்தத் தோல்தான்.

விடுப்பில் ஊருக்கு வரும் பால், கெம்மரிக்கின் அம்மாவைப் பார்க்கப் போகிறான். நெஞ்சில் குண்டு பாய்ந்து அந்த நிமிடமே போய்விட்டான், வலியே இல்லை என்கிறான். அவள் நம்பவில்லை. நீ சொல்வது பொய்யானால் நீ திரும்பி வரமாட்டாய் என்று சத்தியம் செய்யச் சொல்கிறாள். செய்கிறான்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். சில இடங்களில் பால் ‘எங்கள் தலைமுறை’ என்று நீட்டி முழக்கத் தொடங்கும்போது அவனுக்குள்ளிருந்து ஒரு பத்திரிகையாளர் எட்டிப் பார்க்கிறார். அந்தப் பத்திகளைக் கத்தரித்தாலும் எனக்கு வருத்தமில்லை. பூட்ஸ் இருக்கிறதே.

ஜூன் 22, ஞாயிறு

முடித்தேன். இன்று ரெமார்க்கின் பிறந்த நாளும்கூட என்பது தற்செயல். 1898, ஓஸ்னாப்ரூக் நகரம். 18 வயதில் படைக்கு எடுத்தார்கள். 1917 ஜூனில் மேற்குமுனைக்குப் போனார். ஜூலை 31 அன்று எறிகணைச் சில்லுகள் தாக்கின. அதன் பிறகு நெடுநாள் மருத்துவமனை. நாவல் 1929 ஜனவரியில் புத்தகமானது. 1933 மே 10 அன்று நாஜிகள் எரித்த நூல்களில் இதுவும் ஒன்று. எழுதியவர் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தார். ஜெர்மனியிலேயே இருந்த தங்கை எல்ஃப்ரீடேவை, போரில் இனி வெற்றியில்லை என்று பேசிய குற்றத்துக்காக 1943 டிசம்பரில் தலையை வெட்டிக் கொன்றார்கள்.

கடைசிப் பக்கத்தைப் பற்றி எழுதத்தான் நோட்டைத் திறந்தேன். புத்தகம் முழுவதும் ‘நான்’, ‘நாங்கள்’ என்று பேசுகிறவன் பால். கடைசியில் சின்னதாக ஓர் இடைவெளி. அதன் பிறகு ‘அவன்’. 1918 அக்டோபரில் அவன் விழுந்தான் என்று யாரோ சொல்கிறார்கள். முனை முழுவதும் அமைதியாக இருந்த நாள் அது. ராணுவ அறிக்கை ஒரே வாக்கியத்தில் முடிந்துவிட்டது, மேற்கில் புதிதாக ஒன்றுமில்லை என்று. ஜெர்மன் மூலத்தில் நாவலின் தலைப்பும் அதேதான்.

தன்மை, முன்னிலை, படர்க்கை என்று பத்தொன்பது ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன். தன்மையிலிருந்து படர்க்கைக்கு மாற்றுக என்று கேள்வித்தாளில் இரண்டு மதிப்பெண்ணுக்குக் கேட்டிருக்கிறேன். ஓர் ஆள் செத்துப்போவதை அந்த ஒரு மாற்றத்தால் காட்டிவிட முடியும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. ரத்தம், கதறல், கடைசி வசனம் எதுவுமில்லை. ‘நான்’ சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஜூன் 23, திங்கள்

பெயர்த் திருத்தம் என்னவாயிற்று என்று கேட்கிற சாக்கில் பையனைக் கூப்பிட்டு, புத்தகத்தை ரப்பர் வளையத்தோடு கையில் கொடுத்தேன். “தேர்வுக்கு வருமா சார்?” “வராது.” வாங்கிக்கொண்டான்.

போகாதே என்று நான் சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன உரிமை? அந்தச் சம்பளத்தில் அவன் வீட்டில் என்னென்ன நடக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

ஜூன் 25, புதன்

பக்கத்து ஊரில் ஒரு கல்யாணம். அங்கே சுவரில் பதித்த பழைய சலவைக்கல் ஒன்றைப் பார்த்தேன். 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்கு இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிரை விட்டார்கள் என்று ஆங்கிலத்தில். தமிழ்நாட்டில் இப்படிப் பல ஊர்களில் உண்டு. பெயர்கள் இல்லை, எண்ணிக்கைதான். படர்க்கைகூடக் கிடைக்காதவர்கள். முல்க் ராஜ் ஆனந்தின் ‘அக்ராஸ் த பிளாக் வாட்டர்ஸ்’ நாவலில் லாலு என்ற பஞ்சாபிச் சிப்பாய் மார்செய் துறைமுகத்தில் வந்திறங்கி, வெள்ளைக்காரர்களும் வயலில் வேலை செய்வதைப் பார்த்து வியக்கிறான். இந்தக் கல்லில் எண்ணாகிப்போனவர்களும் எதையெதையோ பார்த்து வியந்திருப்பார்கள்.

ஜூன் 29, ஞாயிறு

பையனின் அப்பா வீட்டுக்கே வந்துவிட்டார். கோபமாக வந்திருப்பாரோ என்று பயந்தேன். இல்லை. காப்பியை ஆற்றிக் குடித்துவிட்டு, மகன் இரவில் கதையைத் தமிழில் சொல்வதாகவும், பூட்ஸ் வரை வந்திருப்பதாகவும் சொன்னார்.

“எழுதினவர் முனையில் எத்தனை நாள் இருந்தார் சார்?”

ஏறக்குறைய ஒன்றரை மாதம் என்றேன். சிரித்தார். இந்தச் சிரிப்பு புதிதில்லை. 1929லேயே ஜெர்மனியில் ரெமார்க்கைப் பிடிக்காதவர்கள் இதைச் சொல்லித்தான் அடித்தார்கள். நான் வாத்தியார் புத்தியில் அடுக்கத் தொடங்கினேன். அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி 1895ல் நாவல் எழுதிய ஸ்டீஃபன் கிரேன் பிறந்ததே அந்தப் போர் முடிந்து ஆறு ஆண்டுகள் கழித்துத்தான்; ஆனாலும் அவரை முன்னாள் சிப்பாய் என்றே நம்பியவர்கள் உண்டு. ரெமார்க்கின் அதே முனையில் ஆண்டுக்கணக்கில் இருந்து பதினான்கு முறை காயம்பட்ட எர்ன்ஸ்ட் யுங்கர், போரைக் கிளர்ச்சியோடு எழுதினார். வியட்நாமில் பாவோ நின், 500 பேர் போன படையணியில் உயிரோடு மிஞ்சிய பத்துப் பேரில் ஒருவர். அவர் நாவலில் கியென் காட்டுக்குள் செத்த தோழர்களின் எலும்பு பொறுக்கிக்கொண்டே இருக்கிறான், போர் முடிந்தும் முடியவில்லை.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “விடுப்பில் வந்தவன் அந்த அம்மாவிடம் பொய் சொன்னானே, அதை மகன் முன்கூட்டியே படித்துச் சொல்லிவிட்டான்” என்றார். “நான் இரண்டு வீட்டுக்குப் போயிருக்கிறேன் சார்.”

எந்த ஊர், யார் வீடு என்று நான் கேட்கவில்லை. காப்பி டம்ளரைத் தானே கொண்டுபோய்க் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தார். என் மனைவி வேண்டாம் வேண்டாம் என்றதைக் காதில் வாங்கவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

காலை ஐந்தரைக்கு மைதானம். புத்தகத்தைத் திருப்பித் தரப் பையன் அங்கே வரச் சொன்னான். போனால் கையில் அவனுடைய போனைக் கொடுத்து, “நேரம் மட்டும் பாருங்கள் சார்” என்று ஓடத் தொடங்கிவிட்டான். 1,600 மீட்டர், நான்கு சுற்று. மூன்றாம் சுற்றில் வாய் திறந்துவிட்டது. நான்காவதில் என்னையறியாமல் “விடாதே, விடாதே” என்று கத்தினேன். கத்திய பிறகுதான் என் குரல் எனக்குக் கேட்டது.

6 நிமிடம் 11 விநாடி. அப்படியே சொன்னேன். முகம் வாடியது. தரையில் உட்கார்ந்து கான்வாஸ் ஷூவைக் கழற்றினான். வலது அடிப்பாகம் வாய் பிளந்து, செருப்புத் தைப்பவர் கறுப்பு நூலில் இழுத்துப் பிடித்திருந்தார். உள்ளே மடித்த செய்தித்தாள்.

“வேறு வாங்கக் கூடாதா?”

“இது இன்னும் ஆறு மாதம் தாங்கும் சார். அங்கே போனால் பூட்ஸ் அவர்களே தருவார்கள்.” செய்தித்தாளை வெளியே எடுத்து உதறினான். “நான் போனதும் இது தனக்கு வேண்டும் என்று தம்பி இப்போதே சொல்லிவைத்திருக்கிறான். அவனுக்கு ஒரு சைஸ் பெரிது. பேப்பர் கொஞ்சம் அதிகமாக வைக்க வேண்டும்.”