மிச்சத் துணியில் ஒரு ஸ்கார்ஃப்

பழைய சுங்குடிப் புடவையை வெட்டி அக்கா மகளுக்குச் சுடிதார் தைத்ததில், ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு ஒரு துண்டு மிஞ்சியது. தலையணை உறையாக்கலாம் என்றார் அம்மா. 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடி, அதுவும் கையால் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றிய புள்ளிகள் (அச்சடித்தவை அல்ல!). தலைக்கடியில் போட்டு நசுக்க மனம் வரவில்லை. ஹெல்மெட்டுக்குள் கட்டிக்கொள்ள ஸ்கார்ஃப் ஆக்கிவிட்டேன்.

தையல் பழகாதவர்களும் தைக்கலாம். துணியின் கரைப்பக்கத்தை, அதாவது தறியிலேயே முடிந்து வந்த நீளவாட்டு ஓரத்தை, மடிக்கவே வேண்டாம். அங்கே பிசிறு வராது. மற்ற ஓரங்களை வெட்டும்போது கண்ணளவை நம்பாதீர்கள். விளிம்பில் ஒரே ஒரு நூலை ஊசிமுனையால் கிளப்பி, மெல்ல உருவுங்கள். நூல் போன தடம் மெல்லிய கோடாகத் தெரியும். அதன்மேலேயே கத்தரியை ஓட்டினால் ஸ்கேல் வைத்ததைவிட நேராக வரும். நடுவில் அறுந்தால் அந்த இடத்திலிருந்து மறுபடி கிளப்பிக்கொள்ளலாம்.

பிறகு கால் அங்குலம், அதன்மேல் இன்னொரு கால் அங்குலம் மடித்து, இஸ்திரி போட்டுவிட்டுத் தையுங்கள். இஸ்திரிக்குச் சோம்பல்பட்டால் ஓரம் நெளியும். மூலையில் உள்மடிப்பைச் சிறு முக்கோணமாக வெட்டிவிட்டால் தடிக்காது. மெஷின் இல்லையென்றால் கையால் நெருக்கமாக ஓட்டுத்தையல் (ஊசியை மேலும் கீழுமாக நுழைத்து ஓட்டுவது) போட்டாலே போதும்.

ஓரத்தில் குஞ்சம் வைத்தால் அழகாக இருக்குமே என்று தோழி கேட்டாள். வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் தொங்கும் எதுவும் எனக்கு அழகாகத் தெரிவதில்லை.

புதுத்துணியில் தைப்பவர்கள் முதலில் அலசிக் காயவைத்துவிடுங்கள். பருத்தி சுருங்கும், சாயமும் போகும்.