சர்வ் வேகம் தரையிலிருந்து வருது

பாளையங்கோட்டையில டென்னிஸ் பழகுற பிள்ளைகளும், கூட்டிட்டு வர்ற அப்பா அம்மாவும் இதைக் கவனிங்க. சர்வ்னா ஒவ்வொரு புள்ளியையும் தொடங்கி வைக்கிற முதல் அடி. அதோட வேகத்தைக் கையில தேடாதீங்க. பாதிக்கு மேல காலும் இடுப்பும்தான் தருது. முழங்காலை மடக்கித் தரையை உதைச்சு எழும்பணும். அந்த நேரம் ராக்கெட் தலை முதுகுக்குப் பின்னால தாழணும். காலுக்கு முந்திக் கை கிளம்பிட்டா பாரம் பூரா தோளுக்குத்தான்.

பந்தைத் தொடும்போது மேல்கை காதை ஒட்டி நிக்கக் கூடாது, தோள் மூட்டுல தசைநார் நசுங்கும். வலக்கைக்காரர் உடம்பை இடப்பக்கம் சாய்ச்சா உயரம் தானா கிடைக்கும். மேல்கைக்கும் விலாவுக்கும் நடுவுல 100 பாகை வாக்கில் இருந்தா போதும். அப்போ தோள் உள்பக்கமா வேகமா சுழலும், அடிச்ச பிறகு உள்ளங்கை வெளியே பார்க்கும். பிடி, சுத்தியல் பிடிக்கிற மாதிரி. தோசைக்கரண்டி பிடியில இது நடக்கவே நடக்காது.

ஆனி, ஆடியில செங்கோட்டைக் கணவாய்க் காத்து பந்தைத் தள்ளிட்டுப் போயிரும். டாஸ், அதாவது சர்வ் அடிக்கப் பந்தை மேல போடுறது, தாழ்வா இருக்கட்டும்: ராக்கெட் எட்டுற உயரத்துக்கு ஒரு சாண் மேல, நீங்க நிக்கிற பின்கோட்டுக்கு ஒரு அடி உள்ளே. தலைக்குப் பின்னால போனா அடிக்காம பிடிச்சுட்டு மறுபடி போடுங்க, விதியில இடமிருக்கு. அந்தப் பந்தை எட்ட முதுகைப் பின்னால வளைச்சு வளைச்சு அடிச்சா, வளர்ற வயசுல கீழ்முதுகு எலும்புல விரிசல் வரலாம்.