வேலந்தாவளம் தாண்டி ஒரு வாரிசுச் சான்றிதழ்

2022 மார்ச்சில் அப்பா கோவையில் ஒரு மருத்துவமனையில் இறந்துபோனார். எங்கள் வீடு கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம், பாலக்காடு மாவட்டம், சிற்றூர் தாலுகா. வீட்டில் தமிழ், கிராம அலுவலகத்தில் மலையாளம். இங்கே ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பு, பொள்ளாச்சிப் பக்கம் 62 சென்ட். இந்த இரண்டையும் பெயர் மாற்றி முடிக்க எட்டு மாதம் ஆனது. அதில் பாதி, நான் ஒரு தாளைப் படிக்காமல் விட்டதால் போனது.

அந்தத் தாள் உடலை வாங்கும்போது மருத்துவமனையில் நிரப்பியது. விடிகாலை நாலு மணி. பெயர், வயது, முகவரி கேட்டார்கள். அழுதுகொண்டிருந்த தம்பி சொல்லச் சொல்ல மேசையில் இருந்தவர் எழுதினார். நான் ஆம்புலன்ஸ் பேசப் போயிருந்தேன். இறப்புச் சான்றிதழில் வரும் பெயர் அந்தத் தாளில் இருந்துதான் போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. யாராவது ஒருத்தர், கொஞ்சம் நிதானமாக இருக்கிறவர், ஆதார் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் பார்த்துவிடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

மாநில எல்லையில், வேலந்தாவளம் செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் மருத்துவமனைக் கடிதத்தை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றி வழிவிட்டார். வீட்டு வாசலில் அப்பத்தா நின்றிருந்தது. 84 வயது. 'எஞ்சாமி, எஞ்சாமி' என்று அந்த ஒரு வார்த்தையைத் தவிர அன்றைக்கு முழுக்க அது வேறெதுவும் சொல்லவில்லை. பெற்ற பிள்ளையைக் கடைசிவரை அப்படித்தான் கூப்பிட்டது. மூன்றாம் நாள் பால் ஊற்றி, சாம்பலைச் சோகநாசினி ஆற்றில் கரைத்தோம். சிற்றூர்ப் புழைக்கு அந்தப் பெயர் வைத்தவர் யாரோ.

காரியம் முடிந்து பஞ்சாயத்துக்குப் போனேன். இங்கே பதிய முடியாது என்றார்கள். வீடு எங்கே இருந்தாலும், உயிர் பிரிந்த இடத்தில்தான் இறப்பைப் பதிய வேண்டும். அதனால் எங்களுக்குக் கோவை மாநகராட்சி. 21 நாளுக்குள் கட்டணமில்லை. அதைத் தாண்டினால் தாமதக் கட்டணம், ஒரு மாதம் கடந்தால் மேலதிகாரி அனுமதி என்று ஏறிக்கொண்டே போகும். மருத்துவமனையே தகவல் அனுப்பியிருந்ததால் நாள் தப்பவில்லை. பெயர்தான் தப்பியிருந்தது. இனிஷியல் இல்லை. கடைசியில் 'சாமி' இருக்க வேண்டிய இடத்தில் 'ஸ்வாமி'.

அப்பாவுக்கு எத்தனை பெயர் என்று அன்றைக்குத்தான் எண்ணிப் பார்த்தேன். தோப்பின் ஆதாரத்தில் மலையாளத்தில் ஸ்வாமி, கூடவே தாத்தா பெயர். (கேரளத்தில் ஆதாரம் என்றால் கிரயப் பத்திரம். இது தெரியாமல் ஒரு தடவை ஆதார் அட்டையோடு போய் நின்றேன்.) ரேஷன் கார்டில் வீட்டுப் பெயர். பொள்ளாச்சிப் பட்டாவில் இனிஷியலோடு சாமி. இப்படி இருந்தால் கிராம அலுவலகத்தில் 'ஒன் அண்ட் சேம்' சான்றிதழ் கேட்டு வாங்க வேண்டும். இந்த எல்லாப் பெயரும் ஒரே ஆள்தான் என்று எழுதிக் கொடுப்பார்கள். அது கைக்கு வந்த பிறகுதான் மற்றது நகர்ந்தது. எல்லையோரம் இருப்பவர்கள் இதைத் தங்கள் பேருக்கு இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

அப்பா உயில் எழுதவில்லை. 'கோர்ட்டுல ப்ரொபேட் போடணும்' என்று ஒரு பெரியவர் பயமுறுத்தினார். ப்ரொபேட் என்பது உயிலைக் கோர்ட் உறுதிசெய்வது, உயிலே இல்லாதபோது அதுவும் இல்லை என்று வக்கீல் ஒரே வரியில் முடித்தார்.

வாரிசுச் சான்றிதழுக்கு அம்மா, நான், தம்பி, தங்கச்சி என்று நாலு பேரை எழுதினேன். விசாரிக்க வந்த வில்லேஜ் ஆபீசர் திண்ணையைப் பார்த்துக் கேட்டார்: 'மரிச்ச ஆளுடெ அம்மயல்லே அது?' (இறந்தவருடைய அம்மாதானே அது?) இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-இன்படி ஆண் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, பிள்ளைகளோடு தாய்க்கும் சம பங்கு. அப்பத்தாவை நான் மறைக்க நினைக்கவில்லை, தோன்றவே இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. 'வயசான கட்டை, எதுக்கு இழுக்கற, விட்ரு' என்று சொன்ன சொந்தக்காரர்களும் உண்டு. விடவில்லை. ஐந்து பேராகத் திருத்திக் கொடுத்தேன். கெஜட்டில் போட்டு, ஆட்சேபணைக்கு 30 நாள் காத்திருந்து, தாசில்தாரிடம் இருந்து சான்றிதழ் வந்தது.

பொள்ளாச்சிப் பக்க நிலத்தைத் தங்கச்சிக்கு விட்டுக்கொடுப்பது என்று எல்லோரும் பேசி முடித்தோம். அப்படிப் பங்கை விட்டுக்கொடுக்க எழுதும் பத்திரத்துக்கு இங்கே ஒழிமுறி என்று பெயர், அங்கே விடுதலைப் பத்திரம். நிலம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துப் பத்திர ஆபீசில்தான் பதிய முடியும். மலையாளச் சான்றிதழைத் தமிழில் பெயர்த்து, நோட்டரி கையெழுத்தோடு எடுத்துக்கொண்டு, அப்பத்தாவைக் காரில் கூட்டிப்போனோம்.

அங்கே ரேகை விழவில்லை. ஐம்பது வருஷம் கடலைக்காய் பறித்த விரல், வழவழவென்று தேய்ந்திருந்தது. மெஷின் நாலு தடவை சிவப்பு காட்டியது. ஈரத்துணியால் துடைத்து, நானே அந்த விரலைப் பிடித்து அழுத்தினேன். ஐந்தாம் தடவை விழுந்தது. 'எம் பையன் மண்ணுக்கு நான் எதுக்குக் கண்ணு ரேகை வெக்கோணும்?' என்று கேட்டது. 'பாப்பாவுக்குக் குடுக்கறோம் அப்பத்தா' என்றேன். சரியென்று தலையாட்டியது.

வங்கிக் கணக்கில் அம்மா நாமினி என்பதால் பணம் இரண்டு வாரத்தில் வந்தது. நாமினி பணத்தை வாங்குகிறவர்தான், அதனாலேயே உரிமையாளர் ஆகிவிட மாட்டார். அம்மாவே அதைப் பிரித்துக் கொடுத்தது.

தோப்பை மட்டும் பிரிக்கவில்லை. போக்குவரவு (வருவாய்ப் பதிவேட்டில் பெயர் மாற்றுவது) முடிந்து, நவம்பரில் எங்கள் பேரில் முதல் கரம், அதாவது நிலவரி, கட்டினேன். அப்பத்தா பெயரும் ரசீதில் இருந்தது. அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து பெயரையும் படித்துக் காட்டினேன்.

'அவம் பேரு எங்க?' என்றது.

என் பெயருக்கு முன்னால் இருந்த ஒற்றை எழுத்தின் மேல் அதன் விரலை எடுத்து வைத்தேன். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு, ரசீதை நாலாக மடித்துச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டது.