எலியின் வயிற்றைக் காத்தது வேரா, எத்தனாலா?

மூலிகைச் சாரம் இரைப்பைப் புண்ணைத் தடுக்கிறதா என்று பார்ப்பது சொல்வதற்கு எளிதான வேலை. எலிக்குச் சாரத்தைக் கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்துப் புண்ணை உண்டாக்கும் எத்தனாலை (ஆல்கஹாலை) கொடுத்து, இன்னொரு மணி நேரத்தில் இரைப்பையைத் திறந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு எட்டு மாதம் ஆனது.

நான் எடுத்துக்கொண்டது அதிமதுர வேர். கார்பினாக்சலோன் என்ற பழைய அல்சர் மருந்தின் மூலமே அதிமதுரம்தான் என்பதால் நம்பிக்கை இருந்தது. நெறிமுறைக் குழுவின் அனுமதி, நச்சுச் சோதனை எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன.

முதல் தொகுதி எலிகளை 24 மணி நேரம் பட்டினி போட்டுவிட்டு இரைப்பையைத் திறந்தால், உள்ளே மரத்தூள்! பசித்த எலி கூண்டில் விரித்ததையும் தின்னும், தன் புழுக்கையையும் தின்னும். கம்பிவலைத் தளம் போட்ட கூண்டுக்கு மாற்றிய பிறகுதான் பட்டினி பட்டினியாக இருந்தது.

அடுத்த தொகுதியில் 200 கிராம் எலிக்கு 1 மில்லி தூய எத்தனால். இரைப்பையைப் பெரிய வளைவோரமாக வெட்டி, உப்புநீரில் அலசி, அட்டையில் குண்டூசி குத்தி விரித்தேன். சாரம் கொடுக்காத ஒப்பீட்டுக் குழுவான கண்ட்ரோல் எலிகளில் நீளவாக்கில் கருஞ்சிவப்புக் கோடுகள், சூடு போட்டதுபோல. சாரம் கொடுத்தவற்றில் ஒரு கீறல்கூட இல்லை, அப்படியே இளஞ்சிவப்பு. தலைகால் புரியாமல் போட்டோ எடுத்து என் வழிகாட்டி மேடத்துக்கு அனுப்பினேன்.

பதிலுக்கு இரண்டே கேள்விகள். "சாரத்தை எடை மேலும் குறையாமல் நிற்கும்வரை காயவைத்தாயா? கண்ட்ரோலுக்கு என்ன கொடுத்தாய்?"

காயவைக்கவில்லை. 70 சதவீத எத்தனாலில் ஊறவைத்த சாரம் பாகுபோல ஒட்டும். பாதி வற்றியதுமே போதும் என்று எடுத்து நீரில் கரைத்துவிட்டேன். அதில் எத்தனால் மிச்சம் இருந்திருக்கும். கண்ட்ரோலுக்கோ வெறும் நீர்.

ஆண்ட்ரே ராபர்ட் என்ற ஆய்வாளர் காட்டியது இது: 20 சதவீத எத்தனாலை முன்கூட்டியே கொடுத்தால், பின்னால் வரும் தூய எத்தனாலை இரைப்பை தாங்கிக்கொள்கிறது. லேசான எரிச்சலே புரோஸ்டாகிளாண்டின் என்ற பாதுகாப்புப் பொருளைச் சுரக்கவைத்துச் சவ்வைக் காக்கிறது. சரி, பார்த்துவிடலாம் என்று வேரே இல்லாத 20 சதவீத எத்தனாலைச் சில எலிகளுக்குக் கொடுத்தேன். அதே இளஞ்சிவப்பு. அன்று மதியம் யாரோடும் பேசவில்லை.

அப்புறம் சாரத்தை வெற்றிடத்தில் வைத்து, தினமும் நிறுத்து, ஐந்தாம் நாள் எடை நின்றது. கோடுகளை அளக்க ஜூனியரை உட்காரவைத்தேன். எந்த அட்டை எந்தக் குழு என்று சொல்லவில்லை. கிலோவுக்கு 200 மில்லிகிராம் கொடுத்தவை கண்ட்ரோலைப் போலத்தான். 400இல் கோடுகள் மெலிந்து குட்டையாக இருந்தன, ஆனால் இருந்தன. ஒப்பீட்டுக்கு வைத்த, அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஓமெப்ரசோல் மருந்துக் குழுவிலும் கோடுகள். எத்தனால் சவ்வை நேரடியாகச் சிதைக்கும். அமிலத்தைக் குறைத்தால் மட்டும் அது நிற்காது. சவ்வின் மேல் படிந்து காக்கும் சுக்ரால்பேட் மருந்தை வைத்திருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும், அது என் தேர்வுப் பிழை.

அடுத்தது பைலோரஸை, அதாவது இரைப்பையின் கீழ்வாயைக் கட்டும் முறை. அதில் அமிலத்தை டைட்ரேஷன் செய்து அளக்கலாம். சாரப் புட்டியில் இப்போது ஐந்து நாள் எடையும் எழுதி ஒட்டியிருக்கிறது. மேடம் முதலில் பார்த்தது அதைத்தான்.