தவணை கேட்டு எழுதிய கடிதம் சம்மதக் கடிதமான கதை

அப்பா 60 வயதில் ஓய்வு பெற்ற கையோடு, தோட்ட நிர்வாகம் கொடுத்திருந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது புதிதில்லை. தங்கை எஸ்.பி.எம். (பள்ளி இறுதிப் பரீட்சை) எழுதி முடிக்கும்வரை தவணை கேட்கலாம் என்று போனோம். இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தால்தான் மேனேஜர் பார்ப்பார் என்றார் தோட்ட அலுவலகக் கிராணி (குமாஸ்தா). "மொதல்ல அவங்க சொல்றது புரியுதுன்னு மரியாதையா ஆரம்பிங்க தம்பி" என்று முதல் வரியையும் அவரே சொன்னார்: "வீ அண்டர்ஸ்டேண்ட் தட் வீ ஹேவ் டு வெகேட் தி ஹவுஸ்." (நாங்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது புரிகிறது.) அதற்குக் கீழே தவணைக்கான காரணங்களை எழுதிக் கொடுத்தேன்.

பதிலே இல்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டால், கிராணி ஃபைலைத் திருப்பிக் காட்டுகிறார். அந்த முதல் வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் 'அக்ரீட்', அதாவது சம்மதம். கீழே இருந்த காரணங்களை யாரும் படித்த மாதிரியே தெரியவில்லை. "நீங்கதானே தம்பி எழுதியிருக்கீங்க" என்கிறார், வரியைச் சொல்லிக்கொடுத்த அதே மனிதர்! வந்த கோபத்துக்கு அளவில்லை.

எங்கள் ஊரில் ஓய்வு பெற்ற இங்கிலீஷ் டீச்சர் ஒருவர் இருக்கிறார். கடிதத்தைப் படித்ததுமே தப்பைப் பிடித்துவிட்டார். "அவங்க என்ன கேட்கிறாங்கன்னு எழுதாதேப்பா, ஏன் கேட்கிறாங்கன்னு எழுது." புது ஆட்கள் வருகிறார்கள், தொழிலாளர் வீட்டு வசதிக்கான 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டப்படி அவர்களுக்குக் கொடுக்கும் வீடு தரமாக இருக்க வேண்டியது நிர்வாகத்தின் பொறுப்பு. ஆகவே புதுக் கடிதம் இப்படித் தொடங்கியது: "வீ அண்டர்ஸ்டேண்ட் தட் தி எஸ்டேட் நீட்ஸ் ஹவுசஸ் ஃபார் நியூ ஒர்க்கர்ஸ்." அவர்கள் தேவையைச் சொல்லியாச்சு, எதற்கும் தலையாட்டவில்லை.

அடுத்த வார்த்தையாக 'பட்' போட்டிருந்தேன். டீச்சர் அடித்துவிட்டார், அதைப் போட்டால் முன்னால் சொன்னதெல்லாம் சும்மா ஒப்புக்கு என்று ஆகிவிடுமாம். முற்றுப்புள்ளி வைத்து, 'அட் தி சேம் டைம்' என்று புது வாக்கியத்தில் தங்கையின் பரீட்சையைச் சொன்னோம். 'ஐ நோ எக்ஸாக்ட்லி ஹவ் யூ ஃபீல்' என்று கைப்பேசி எடுத்துக் கொடுத்த வரியையும் அடித்துவிட்டார். நண்பனுக்கு எழுதலாம், நிர்வாகத்துக்கு எழுதினால் கிண்டல் மாதிரி இருக்கும். முந்தைய கடிதம் சம்மதம் ஆகாது என்று ஒரு வரி. சாவியை எப்போது ஒப்படைப்போம் என்று தேதியோடு இன்னொரு வரி. அந்தத் தேதிதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன்.

கொடுக்கும்போது நகலில் சாப் (முத்திரை) குத்தி வாங்கிக்கொள்ளுங்கள். கிராணி முகம் சுளித்தார், நான் நகரவில்லை.

பரீட்சை முடியும்வரை இருக்கலாம் என்று பதில் வந்துவிட்டது, கரண்ட் பில் எங்கள் தலையில். ஃபைலில் அந்தச் சிவப்பு 'அக்ரீட்' மட்டும் அப்படியே கிடக்கிறது. அதை நீக்கச் சொல்லி அடுத்த கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த முறை முதல் வரியை யாரிடமும் கேட்கப் போவதில்லை.